பனியில் முரண்டு பிடிக்கும் டீசல்

எண்ணூரில் பிறக்கும் இன்ஜின் லடாக்கின் மைனஸ் 30 டிகிரியில் கிளம்புவது எப்படி? சென்னையிலிருந்து இமயமலைக்கு டீசல் கார் ஓட்டிச் செல்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

எண்ணூரை அடுத்த அத்திப்பட்டில் மார்கழி என்றால் விடியற்காலையில் கொஞ்சம் பனி மூடும், அவ்வளவுதான். ஏழு மணி தாண்டினால் எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் வெயில் ஏறிவிடும். அனல்மின் நிலையத்தின் சாம்பலை அள்ளிச் செல்லும் லாரி, காமராஜர் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர், எண்ணெய் முனையங்களில் வரிசையில் நிற்கும் டேங்கர் என்று இந்தச் சாலைகளில் இரவு பகலாக ஓடுபவை பெரும்பாலும் டீசல் வண்டிகள். செல்ஃப் அடித்த மாத்திரத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். குளிரால் வண்டி நின்றது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

அதே வண்டியை ஜனவரி மாதத்தில் லடாக்கின் திராஸில் ஓர் இரவு நிறுத்திவைத்தால் காலையில் நிலைமை வேறு. மைனஸ் 20, மைனஸ் 25 டிகிரி அங்கே வழக்கமான குளிர்தான். சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகும், இன்ஜின் அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும், அல்லது கிளம்பி நூறு அடி போனதும் மூச்சடைத்து அணையும். பேனட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். எந்தப் பாகமும் உடைந்திருக்காது. ஆனாலும் வண்டி நகராது.

இது வடக்கே இருப்பவர்களின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் நேஷனல் பெர்மிட்டில் நாடு முழுக்க ஓடுகின்றன. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தபிறகு, பனிக்காலத்தில் அடைபட்டுக் கிடந்த லாஹௌல் பள்ளத்தாக்குக்கு வாடகைக் காரும் சொந்தக் காரும் போகின்றன. 2025 ஜனவரியில் காஷ்மீரின் சோன்மார்க் சுரங்கப்பாதையும் திறந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட கார்கள் பனியில் நிற்கும் படங்கள் இப்போது நமக்குப் புதிதல்ல. அந்தக் கார்கள் கிளம்பும்போது டேங்க்கில் இருப்பது நம் ஊர் டீசல். குளிரைக் கண்டிராத டீசல்.

மெழுகு செய்யும் வேலை

கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. இந்த மெழுகு நன்றாக எரியும், டீசல் சட்டென்று பற்றிக்கொள்வதற்கும் உதவும். ஆகவே அதை முழுவதுமாக எடுத்துவிடுவதும் நல்லதல்ல. வெப்பம் இருக்கும்வரை மெழுகு கண்ணுக்கே தெரியாது. மார்கழியில் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவதைப் போல, குளிர் ஏற ஏற டீசலில் கரைந்திருந்த மெழுகு வெளியே வரத் தொடங்கும்.

இது மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் மிக நுண்ணிய மெழுகுத் துகள்கள் தோன்றி டீசல் கலங்குகிறது. அடுத்து அந்தத் துகள்கள் டீசல் ஃபில்டரில் படிந்து அடைக்கின்றன. கடைசியாக, டீசலே கூழாகி ஓடாமல் நின்றுவிடுகிறது. பலரும் கடைசிக் கட்டத்தைத்தான் டீசல் உறைவது என்று நினைக்கிறார்கள். வண்டி நிற்பதற்கு இரண்டாவது கட்டமே போதும். டேங்க்கில் டீசல் தளதளவென்று இருக்கும், ஃபில்டர் தாண்டி ஒரு சொட்டு வராது. ஃபில்டருக்கு அப்பால் குழாய்களில் மிச்சமிருந்த கொஞ்சம் டீசலில் கிளம்பிய வண்டி சற்று தூரத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் டீசலுக்கான தரத்தை வகுப்பது ஐ.எஸ். 1460. டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை, குளிர்காலச் சரக்கில் 6 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது, கோடைச் சரக்கில் 18 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அது. இவை உச்சவரம்புகள். நடைமுறையில் சரக்கு இதைவிட நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் இந்த எண்கள் வகுக்கப்பட்டது சமவெளியை மனதில் வைத்து. மைனஸ் 20 டிகிரியில் இந்த டீசலிடம் தயவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எண்ணெய் உறைய இமயமலைதான் வேண்டும் என்பதுமில்லை. ராஜஸ்தானின் பார்மர் பாலைவனத்தில் மங்களா வயலிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் மெழுகு மிக அதிகம். சுமார் 40 டிகிரி வெப்பத்திலேயே அது கெட்டியாகிவிடும். அதனால் அங்கிருந்து குஜராத் கடற்கரை வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாயை வழிநெடுகச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். அனல்மின் நிலையங்களில் கொதிகலனை மூட்டப் பயன்படும் ஃபர்னஸ் ஆயிலும் அப்படித்தான். அதைச் சூடாக்காமல் பர்னருக்கு அனுப்ப முடியாது. அத்திப்பட்டுக்குப் பக்கத்து மணலியில் 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் மெழுகு புதிதல்ல. மசகு எண்ணெய் தயாரிக்கும்போது மெழுகைப் பிரிப்பது அங்கே கைவந்த தொழில். அப்படிப் பிரித்த பாரஃபின் மெழுகு தனிச் சரக்காகவே விற்பனைக்குப் போகிறது. ஆக, பனிமலையில் காரை நிறுத்தும் பொருளை வடசென்னைத் தொழிலாளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

தீப்பொறி இல்லாத இன்ஜின்

டீசல் ஒழுங்காக வந்து சேர்ந்தாலும் குளிரில் இன்னொரு தடை இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். ருடால்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய இன்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை அடர்த்தியாக அமுக்குகிறார்கள். அமுக்கப்பட்ட காற்று தானாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் பற்றிக்கொள்கிறது. அதாவது டீசல் இன்ஜினுக்குத் தீக்குச்சியே காற்றின் சூடுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அமுக்கும் இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 30 டிகிரி வெயில் இருந்தால் உள்ளே காற்று 500 டிகிரியை எட்டும். வெளியே மைனஸ் 30 என்றால் அதே அமுக்கத்தில் ஏறக்குறைய 150 டிகிரி குறைந்துவிடும். இது காகிதக் கணக்கு. உண்மையில் சிலிண்டர் சுவரும் பிஸ்டனும் பனியாய் இருந்து சூட்டை உறிஞ்சும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், அமுக்கும்போதே சூடும் காற்றும் கசிந்து போகும். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அமுக்குவதற்குக் காற்றே குறைவு. இத்தனையும் சேர்ந்தால் டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக சைலன்சர் வழியே வெளியேறும்.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்று சொல்லும் பாகம் இருக்கிறது. சிலிண்டருக்குள் நீட்டியிருக்கும் இந்தச் சிறிய கம்பி சில நொடிகளில் 800 டிகிரிக்கு மேல் பழுக்கிறது. டேஷ்போர்டில் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு எரிவது அது சூடாகிக்கொண்டிருப்பதற்கான அடையாளம். பழைய டீசல் அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு மறந்திருக்காது. இன்றைய கார்களில் காத்திருக்கும் நேரம் குறைந்துவிட்டது. பெரிய லாரி இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பிளக் வைப்பதற்குப் பதிலாக, உள்ளே போகும் காற்றையே சூடேற்றும் ஏற்பாடு இருக்கும்.

இதில் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஹீட்டர் பிளக் செத்துப் போனாலும் வண்டி கிளம்பிவிடும். நான்கில் இரண்டு போயிருந்தாலும் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். அது தெரியவரும் இடம் பனிமலையாக இருந்தால், அங்கே உதிரிபாகமும் கிடைக்காது, மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்.

பேட்டரியும் ஆயிலும்

குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரியில் ஒரு லெட்-ஆசிட் பேட்டரி, வெப்பநாளில் தரும் சக்தியில் பாதியளவுதான் தரும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றுவதற்கு இரட்டிப்பு வலு கேட்கும். வரவு பாதியாகவும் செலவு இரட்டிப்பாகவும் ஆனால் குடும்பம் தாங்காது, செல்ஃபும் தாங்காது. முழு சார்ஜ் உள்ள பேட்டரியின் ஆசிட் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10 டிகிரிக்கு அருகிலேயே உறைந்து வெடித்துவிடக்கூடும்.

ஆயில் டப்பாவில் 15W-40, 5W-30 என்று எழுதியிருப்பதற்கு இங்கேதான் அர்த்தம் இருக்கிறது. ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் அந்த ஆயில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. 15W வகை, இன்ஜின் சுற்றத் தோதாக இருக்கிறதா என்று மைனஸ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். 5W வகைக்கு அது மைனஸ் 30, 0W வகைக்கு மைனஸ் 35. சென்னை லாரிக்கு 15W-40 நல்ல தேர்வு. அதை ஊற்றிக்கொண்டு ஜனவரியில் திராஸில் தங்குவது விபரீதம்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது ரேடியேட்டரில் வெறும் குழாய்த்தண்ணீர். நம் ஊரில் இந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அந்த விரிவை எந்த வார்ப்பிரும்பாலும் தாங்க முடியாது. ஒரே இரவில் இன்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுவிடும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. சில நூறு ரூபாய் கூலன்ட், லட்ச ரூபாய் இன்ஜினைக் காப்பாற்றுகிறது.

எண்ணூரிலிருந்து எல்லைக்கு

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் கூட்டியது ஆஸ்டின் கார். 1955-ல் பிரிட்டனின் லேலண்ட் நிறுவனம் கைகோத்து அசோக் லேலண்ட் ஆனபிறகு, அந்த ஆலையின் அடையாளம் டீசல் லாரியும் பஸ்ஸும். இந்நிறுவனத்தின் ஸ்டாலியன் லாரிகளை 1990கள் முதல் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் கூட்டி ராணுவத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். லடாக் சாலைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் தளவாடமும் சுமக்கும் ராணுவ வண்டிகளில் ஸ்டாலியனுக்குப் பெரும் பங்கு உண்டு. எண்ணூர் வெயிலில் வளர்ந்த நிறுவனம், ரத்தத்தை உறையவைக்கும் குளிருக்கும் ஈடுகொடுக்கக் கற்றுக்கொண்டது.

வண்டி தயார் என்றாலும் டீசல் தயாராக நெடுநாள் ஆயிற்று. லடாக் ஓட்டுநர்கள் பல ஆண்டுகள் டீசலில் மண்ணெண்ணெய் கலந்தார்கள். டேங்க்குக்கும் ஆயில் சம்ப்புக்கும் அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சூடேற்றினார்கள். இரவில் தூக்கத்தை விட்டெழுந்து, இடையிடையே இன்ஜினை ஓடவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்த வேலை அது. ஒரு டீசல் கசிவு போதும், வண்டியும் ஆளும் எரிந்துபோக.

2019 நவம்பரில்தான் இதற்கு விடை வந்தது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் இந்தியன் ஆயில் நிறுவனம் தயாரித்த குளிர்கால டீசலை லடாக்குக்காக உள்துறை அமைச்சர் அமித் ஷா காணொலி வழியே தொடங்கிவைத்தார். மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை கெடாத டீசல் அது. இத்தகைய சரக்கைத் தயாரிக்க மெழுகு குறைந்த, லேசான பகுதியைத் தேர்ந்தெடுப்பார்கள். மெழுகின் நீண்ட சங்கிலியை வினையூக்கி கொண்டு மாற்றி அமைப்பார்கள். மெழுகுத் துகள்கள் பெரிதாக வளராமல் தடுக்கும் சேர்மானமும் கலப்பார்கள். ஸ்டவ்வோடு டேங்க்குக்கு அடியில் படுத்த ஓட்டுநரின் வேலையை நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருக்கும் ஆலை முன்கூட்டியே செய்துகொடுக்கிறது.

பனி நாடுகளில் இந்த ஏற்பாடு வெகுகாலமாக இருக்கிறது. ஜெர்மனியில் நவம்பர் மத்தியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை, மைனஸ் 20 டிகிரியிலும் ஃபில்டரை அடைக்காத டீசல்தான் பங்க்குகளில் கிடைக்கும். வாடிக்கையாளர் கேட்க வேண்டியதில்லை. நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் 1980களில் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஈழத்தமிழர்களும், கனடாவில் குடியேறியவர்களும் இந்தக் குளிர்காலப் பழக்கங்களுக்குள் போய்ச் சேர்ந்தவர்களே. வினிபெக், எட்மன்டன் போன்ற கனடா நகரங்களில் காரின் முகப்பில் ஒரு மின்வயர் தொங்கும். இரவில் அதை வீட்டு பிளக்கில் சொருகினால், இன்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டர் கூலன்ட்டை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். காலையில் சாவியைத் திருப்பினால் போதும்.

மலை ஏறும் முன்…

ஊரிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டியவை:

1. ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, செத்தவற்றை மாற்றுங்கள்.
2. பேட்டரியை லோடு வைத்துப் பரிசோதியுங்கள். மூன்று நான்கு வருடம் ஓடியிருந்தால் புதிது போடுவதே நல்லது.
3. வண்டியின் கையேடு அனுமதிக்கும் வகைகளில், குளிருக்கு ஏற்ற இன்ஜின் ஆயிலை ஊற்றுங்கள். ரேடியேட்டரில் சரியான விகிதத்தில் கூலன்ட் இருக்க வேண்டும். கண்ணாடி துடைக்கத் தெளிக்கும் தண்ணீரும் உறையும் என்பதை மறக்க வேண்டாம்.
4. டீசல் ஃபில்டரில் தேங்கியிருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கடலோர ஈரக்காற்றில் ஓடும் வண்டிகளில் இது இன்னும் அவசியம்.

மலையில்:

5. சமவெளி டீசலை முடிந்தவரை தீர்த்துவிட்டு, குளிர்ப் பகுதியில் குளிர்கால டீசல் கிடைக்கும் பங்க்கில் டேங்க்கை நிரப்புங்கள். நிரப்பியதும் சில கிலோமீட்டராவது ஓட்டுங்கள். புதிய டீசல் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் எட்டியிருந்தால்தான் இரவு தாங்கும்.
6. உறைவைத் தடுக்கும் சேர்மானத்தை டீசல் கலங்குமுன் ஊற்ற வேண்டும். கூழானபின் ஊற்றிப் பயனில்லை.
7. காலை வெயில் இன்ஜின் மேல் படும்படி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் பிடித்தபடி உறைந்துவிடலாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள்.

காலையில்:

8. விளக்கு, ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். சாவியை ஆன் செய்து, சுருள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, இரண்டு மூன்று முறை ஹீட்டரைச் சூடாக்குங்கள்.
9. கிளட்சை முழுதாக மிதித்துச் செல்ஃப் அடியுங்கள். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம். கிளம்பாவிட்டால் இரண்டு நிமிடம் பேட்டரிக்கு ஓய்வு கொடுங்கள்.
10. கிளம்பியதும் ஆக்ஸிலேட்டரை உறும விடாதீர்கள். ஓரிரு நிமிடம் கழித்து மெதுவாக ஓட்டுங்கள்.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதவை: டேங்க்குக்கு அடியில் நெருப்பு மூட்டுவது, இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலப்பது, ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது. பழைய பம்ப் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. புதிய உயர்அழுத்த பம்ப்புக்கு டீசலே மசகு, அது நீர்த்துப்போனால் உலோகம் தேயும். இன்னொரு ஆபத்து உயிருக்கே உலை வைப்பது. இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் தூங்கக் கூடாது. சைலன்சரைப் பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

புதிய பி.எஸ்.-6 டீசல் கார்கள் சிலவற்றில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அதற்கென்று டேங்க்கிலேயே ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். வண்டி கிளம்புவதை அது தடுக்காது, பதற வேண்டாம்.

பில்லில் ஒரு வரி வேண்டும்

குளிர்கால டீசல் வந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் தன் டேங்க்கில் இருக்கும் டீசல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது இன்றும் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. பங்க்கில் தரும் பில்லில் விலை இருக்கிறது, அளவு இருக்கிறது. குளிர் தாங்கும் வரம்பு இல்லை. சரக்கு ஆலையை விட்டு வெளியேறும்போதே ஒவ்வொரு தொகுப்பும் சோதனைக்கூடத்தில் சோதிக்கப்படுகிறது. அந்த ஒரு எண்ணை மலைப்பகுதிப் பங்க்குகளின் பலகையிலும் பில்லிலும் போடுவதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது. எண்ணெய் நிறுவனங்கள் இதைச் செய்ய வேண்டும்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. கனரக வாகன ஓட்டுநர் பயிற்சியில் குளிர்ப் பிரதேச ஓட்டம் ஒரு பாடமாக வர வேண்டும், தமிழில் வர வேண்டும். நாமக்கல் லாரி ஓட்டுநர் காஷ்மீர் ஆப்பிள் ஏற்றப் போகிறார். அவருடைய அறிவு, முந்திப் போய் அடிபட்டுத் திரும்பியவர்கள் டீக்கடையில் சொன்ன அனுபவத்தோடு நின்றுவிடக் கூடாது. ஹீட்டர் பிளக், கூலன்ட், ஆயில், பேட்டரி ஆகிய நான்கையும் வடக்கே போகும் வண்டிக்குக் கட்டாயச் சோதனையாக லாரி உரிமையாளர் சங்கங்களே வைத்துக்கொள்ளலாம்.

வண்டியைக் கிளப்பும் வித்தை ஓட்டுநரின் கையில் கொஞ்சமே இருக்கிறது. மெழுகைப் பிரிக்கும் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளி, இன்ஜினைக் கூட்டும் எண்ணூர்ப் பணியாளர், ஃபில்டரில் தண்ணீர் வடிக்கும் மெக்கானிக் என்று பலருடைய வேலை சரியாக நடந்திருந்தால்தான் மைனஸ் 30 டிகிரியில் அந்தச் சாவிக்குப் பலன் உண்டு. அவர்கள் எல்லோரும் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். என்ன டீசல் போடுகிறோம், அது எதுவரை தாங்கும் என்ற தகவலை ஓட்டுநரின் கையில் கொடுப்பது மட்டும்தான் பாக்கி. அதையும் வரும் குளிர்காலத்துக்குள் செய்துவிட முடியும்.